எப்போது விடுவார்கள்? விடுதலைத் திகதி பார்த்திருக்கும் வன்னிக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாச் சிறைக்கோ அனுராதபுரச் சிறைக்கோ மகனை, கணவனைப் பார்க்கப் போய்வரும் குடும்பங்களோடு கதைத்தால் எல்லாரிடமும் ஒரு திகதி இருக்கும். "வெசாக்குக்கு விட்டிடுவினம்", "பத்து வருசம் எண்டால் ஆறில வந்திடுவார்" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால், உள்ளே இருக்கும் இன்னொருவர் சொன்னார், பேருந்தில் பக்கத்திலிருந்தவர் சொன்னார் என்று பதில் வரும். அதை நம்பிக் கடன் படுகிறார்கள், மகளின் சாமத்திய வீட்டைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தண்டனையை விதிப்பது நீதிமன்றம். அதன் முடிவுத் திகதியைக் கணக்கிட்டு, நன்னடத்தைக்கான கழிவைப் பதிவது சிறைச்சாலை. மற்ற நாடுகளில் பரோல் என்பதற்கு நெருக்கமாக இங்கே இருப்பது, தண்டனை முடியுமுன் அனுமதிப்பத்திரத்தில் விடுவது. அதை ஒரு சபை பரிசீலிக்கிறது, நிபந்தனையும் போடுகிறது. மன்னிப்போ தண்டனைக் குறைப்போ என்றால் அது ஜனாதிபதியின் கையில், அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையின் கீழ். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் யாரிடம் போய் எதைக் கேட்பது என்று தெரியாமல் வருடங்கள் போகின்றன. அடுத்த முறை பார்க்கப் போகும்போது சிறையின் நலன்புரி அதிகாரியைச் சந்தித்து, "சிறைப் பதிவின்படி இவருடைய விடுதலைத் திகதி எது?" என்று கேளுங்கள். குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் பேச வேண்டியது அந்தத் திகதியைப் பற்றித்தான்.

கணக்கில் அதிகம் பிழைப்பது விளக்கமறியல் காலம், அதாவது தீர்ப்புக்கு முன் உள்ளே வைத்திருந்த காலம். நான்கு வருடம் விளக்கமறியலில் இருந்தார், அது தானாகக் கழியும் என்று நினைப்பார்கள். தானாகக் கழியாது. தண்டனை விதிக்கும்போது நீதிபதி அதைக் கருத்தில் எடுத்தாரா, தீர்ப்பில் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். மேன்முறையீடு செய்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லியிருக்கிறதோ அதுதான் கணக்கு. சட்டத்தரணி அதைக் கேட்டு வாங்காமல் விட்டால் சில வருடங்களே கைநழுவிப் போகலாம். ஆகவே தீர்ப்பின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். "அது லோயரிட்ட இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பது போதாது.

தண்டப்பணத்தையும் மறக்கிறார்கள். கட்டாவிட்டால் அதற்குரிய சிறைக்காலம் பிரதான தண்டனைக்கு மேலாக வரும். பல குற்றச்சாட்டு என்றால் தண்டனைகள் ஒரே காலத்தில் ஓடுகின்றனவா, ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதா என்பதும் தீர்ப்பில் இருக்கும். வேறு நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தால், இந்தத் தண்டனை முடிந்த அன்றும் அந்த வழக்கின் விளக்கமறியல் உத்தரவு ஆளை உள்ளேயே வைத்திருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் எங்கள் ஆட்கள் இதை நிறையவே அனுபவித்திருக்கிறார்கள்.

ஆயுள் தண்டனைக்கு இருபது வருடம் என்று ஊரில் ஒரு கணக்கு உலவுகிறது. ஆயுள் தண்டனைக்கு முடிவுத் திகதியே கிடையாது. ஜனாதிபதி அதை ஆண்டுக்கணக்கில் குறைத்தால் மட்டுமே ஒரு திகதி பிறக்கும்.

இனி முகவரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் இது தனித் துயரம். 2009க்குப் பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம், உறவினர் வீடு, மீள்குடியேற்றம் என்று இடம் மாறி மாறி வந்த குடும்பங்கள் ஏராளம். வழக்குக் கோவையில் புதுக்குடியிருப்பு, அடையாள அட்டையில் ஒட்டுசுட்டான், தாய் இருப்பதோ நெளுக்குளத்தில் தங்கையின் வீட்டில். முன்கூட்டியே விடுவதைப் பற்றி யோசிக்கும்போது, இவர் வெளியே வந்தால் எங்கே இருப்பார், யார் பொறுப்பு என்று விசாரிப்பார்கள். பழைய முகவரியில் பற்றைதான் நிற்கிறது. பொறுப்பேற்க ஆளில்லை என்று அறிக்கையில் ஒரு வரி விழுந்தால், அதை மாற்ற எவ்வளவு அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த விசாரணை வரும்வரை காத்திருக்காதீர்கள். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வதிவிடச் சான்று எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கி, ஒரு கடிதத்தோடு பதிவுத் தபாலில் சிறை அத்தியட்சகருக்கு அனுப்புங்கள். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். கடிதத்தில் கெஞ்ச வேண்டாம், விபரம் எழுதுங்கள்: யாருடைய வீடு, வீட்டில் யார் யார், வந்ததும் என்ன தொழில். "மேசன் வேலைக்கு என்னோடு வைத்துக்கொள்கிறேன்" என்று ஊரில் ஒருவர் தன் பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதித் தந்தால், "நல்ல பிள்ளை, இரக்கம் காட்டுங்கள்" என்ற பத்துக் கடிதத்தைவிட அதற்குப் பலம் அதிகம். பாதிக்கப்பட்டவரின் குடும்பம் அதே ஊரில் இருந்தால் மறைக்காதீர்கள். வேறு ஊரில் ஒரு சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுங்கள். அந்தக் குடும்பத்துக்கும் அதுதான் நியாயம்.

பொது மன்னிப்பை வைத்து நடக்கும் பண விளையாட்டுத்தான் எனக்கு மிகவும் கோபம் வரும் விடயம். வெசாக், சுதந்திர தினம், நத்தார் நெருங்கும்போது, "பட்டியலில் பெயர் போடுவிக்கலாம்" என்று ஒருவர் வருவார். காணி ஈடு வைத்துக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2025 வெசாக்கின்போது, ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து விடப்பட்டார். அது வெளிவந்ததும் சிறை அத்தியட்சகர் கைதானார், பிறகு சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார். ஜனாதிபதி கையொப்பமிட்ட மன்னிப்புக்கூட முறைப்படி வராவிட்டால் நிலைக்காது. 2019இல் ரோயல் பார்க் தொடர்மாடிக் கொலை வழக்கின் குற்றவாளிக்கும், 2021இல் ஒரு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கொடுக்கப்பட்ட மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்றது. மரண தண்டனை பெற்றவர் என்றால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை என்று படிப்படியாகப் போக வேண்டும். எந்தத் தரகராலும் இவற்றைத் தாண்டிப் போக முடியாது.

ஒருவருக்கு மன்னிப்புக் கிடைத்தால் எல்லாருக்கும் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2021 பொசன் பண்டிகையின்போது பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் 16 பேர் வெளியே வந்தார்கள். அதே சட்டத்தின் கீழ் உள்ளே இருந்த மற்றவர்களின் பிள்ளைகள் அன்றும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சாதாரண பண்டிகை மன்னிப்புக்கும் எந்தக் குற்றம் சேரும், எது சேராது என்று ஒவ்வொரு முறையும் வரையறை போடுவார்கள். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது சிம் அட்டையோ புகையிலையோ ஒளித்துக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் சிறைக் குற்றம். சேர்த்து வைத்த கழிவு நாட்களே பறிபோகலாம், கொடுத்தவரும் மாட்டுவார்.

சிங்களத்தில் எழுதினால்தான் எடுபடும் என்று யாரோ எழுதித் தந்த கடிதத்தில், என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைப்பவர்கள் உண்டு. தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். எழுத ஆள் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகச் செய்து தருவார்கள். போகும்போது தீர்ப்பின் பிரதி, சிறை இலக்கம், புதிய வதிவிடச் சான்று மூன்றையும் கொண்டுபோங்கள்.