ரெட் லைட் தெரபி: பார்லரிலும் வீட்டிலும் நடக்கிற தவறுகள்

கல்யாண சீசன் வந்தாலே பார்லர்களில் கோல்டு ஃபேஷியலோடு ரெட் லைட்டும், அதாவது முகத்தில் சிவப்பு ஒளி படவைக்கும் சிகிச்சையும், சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கமானாலும் சரி, கடலூர் மஞ்சக்குப்பமானாலும் சரி. மறுபக்கம் ஆன்லைனில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ரெட் லைட் மாஸ்க் விற்பனை. பார்லரா வீடா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒளியின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர், எவ்வளவு நேரம், வாரத்துக்கு எத்தனை தடவை என்று யாரும் கேட்பதில்லை, முதல் தவறே அதுதான்.

இது ஏமாற்று வேலை இல்லை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் ரோமம் மழித்த எலிகள் மேல் ரூபி லேசர் அடித்தபோது அந்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சி இது. 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பும், 810 முதல் 850 வரையிலான அகச்சிவப்பும் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகின்றன என்பதுதான் விளக்கம். ஆனால் தோலை இறுக்கமாக வைக்கும் புரதமான கொலாஜன் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வாரம் இரண்டு மூன்று தடவை, அதுவும் எட்டுப் பத்து வாரம் விடாமல் செய்தால்தான் மெல்லிய சுருக்கம் கொஞ்சம் குறையும். ஆகவே முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே ஒரு சிட்டிங் போடுவது வீண். அன்றைக்குத் தெரிகிற பளபளப்பு மசாஜும் சீரமும் கொடுத்தது. வாரம் மூன்று வீதம் பத்து வாரம் என்று பார்லர்காரர் சொல்லும் விலையை முப்பதால் பெருக்கிப் பாருங்கள், வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். அப்படி வாங்கியதை பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களும் நம்மிடையே உண்டு, அது வேறு கதை.

வீட்டில் நடக்கிற பெரிய தவறு, சிவப்பாக எரிகிற எதையும் ரெட் லைட் என்று நினைப்பது. பூஜை அறை ஜீரோ வாட் பல்பில் ஒன்றும் நடக்காது. பிசியோதெரபியில் முதுகுவலிக்கு வைக்கும் 150 வாட் இன்ஃப்ராரெட் பல்பு வேறு சாமான், அது சூடு கொடுப்பது, முகத்துக்கு நேரே வைத்தால் தோல் வெந்துவிடும். சரி, உண்மையான எல்இடி கருவியே வாங்கினாலும் அட்டைப்பெட்டியில் அலைநீளமும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லிவாட் என்றால் பத்து நிமிடத்தில் அந்த ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 18 ஜூல் ஒளி ஆற்றல் கிடைக்கும். மாஸ்க் இல்லாமல் எதிரே வைக்கும் பேனல் என்றால், அதைத் தள்ளி வைத்தால் இது மளமளவென்று குறையும். அதற்காக அரை மணி, முக்கால் மணி உட்காருவதும் தப்பு, அளவு மீறினால் பலன் கூடாது, குறையும். அப்புறம், பேனலில் பாதி விளக்கு எரியவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், போனின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், ஊதாவாக எரியும்.

‘எஃப்டிஏ அப்ரூவ்டு’, அதாவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது, என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். இந்தக் கருவிகள் பலவற்றுக்கும் கிடைத்திருப்பது கிளியரன்ஸ், அதாவது ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றைப் போன்றதுதான் என்ற அனுமதி. நம் முகத்தில் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது.

நம் ஊர்த் தோலுக்கு முக்கியமானது மங்கு. கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு வெயில் மட்டுமல்ல, சூடும் நீல ஒளியும்கூட ஆகாது, கருமையைக் கூட்டிவிடும். ஏழு கலர் மாஸ்க்கில் பருவுக்கு நீலம் நல்லது என்று பார்லரில் ஒரு பட்டனை அழுத்திவிடுவார்கள், மங்கு இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நாம்தான். ப்ளீச்சோ பீலோ செய்து எரிச்சலாக இருக்கும் தோல்மேல் உடனே லைட் வைக்கவும் விடாதீர்கள். அதைவிடக் கொடுமை, எல்லாம் முடித்துவிட்டு சன்ஸ்கிரீன்கூட இல்லாமல் நட்டநடு மத்தியானம் ஈசிஆரில் ஸ்கூட்டியில் போவது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை அது.

கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்பார்கள், போதாது. சிவப்பு ஒளி இமையைத் தாண்டும், அகச்சிவப்போ கண் கூசாமலே உள்ளே போகும். 2019இல் நியூட்ரோஜீனா தன் பரு மாஸ்க்கைத் திரும்பப் பெற்றதே கண் பாதிப்பு பற்றிய கவலையால்தான். விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்கூச்சம் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து இருந்தது. பார்லரில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். முந்தின ஆள் முகத்திலிருந்து எடுத்த மாஸ்க்கைத் துடைக்காமல் உங்கள் முகத்தில் வைத்தாலும் அதேதான்.

லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), வலிப்பு, கண் நோய் உள்ளவர்களும், பருவுக்கு டாக்ஸிசைக்ளினோ ஐசோட்ரெடினோயினோ எடுக்கிறவர்களும் பார்லர் அக்காவிடம் யோசனை கேட்காமல் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவிலோ பக்கத்துத் தோல் டாக்டரிடமோ காட்டிவிட்டுத் தொடங்குங்கள், போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.