அப்பீலில் தண்டனையின் சட்டத்தன்மையைக் கேள்வி கேட்பது எப்படி

குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அப்பீலே கிடையாது என்று கோர்ட் வராந்தாவில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-வது பிரிவு குற்றத்தீர்ப்பை எதிர்க்கத்தான் தடை போடுகிறது. மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ விதித்த தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் எதிர்க்கலாம்.

முதல் வேலை, தீர்ப்பு நகல். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு சொன்னதுமே இலவசமாகத் தர வேண்டும். கெடு: மாஜிஸ்திரேட் தீர்ப்பிலிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பிலிருந்து ஐகோர்ட்டுக்கு 60 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் இதில் கழியும். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனியாக வேண்டும்.

நகல் வந்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க அதிகாரமில்லை. சிறை, அபராதம் இரண்டும் விதிக்கத்தக்க குற்றத்தில், அபராதம் கட்டாததற்கான சிறை அந்தக் குற்றத்துக்குரிய உச்ச சிறைக்காலத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சாதாரணத் திருட்டுக்கு உச்சம் மூன்று ஆண்டு. எனவே ஒன்பது மாதம்தான் எல்லை. "கட்டத் தவறினால் ஓராண்டு" என்று எழுதியிருந்தால் மூன்று மாதம் கூடுதல்.

பல பிரிவுகளில் தண்டனை இருந்தால் "ஏக காலத்தில்" என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தில் அது இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கழிக்க வேண்டியிருந்தது; இப்போது ஏக காலத்திலா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்று கோர்ட்டே உத்தரவில் சொல்ல வேண்டும். ஆனால் ஆயுள் தண்டனைகளை அப்படி அடுக்க முடியாது. 2016-இல் தமிழக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தீர்த்துவைத்தது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கூடுதல் தண்டனையும் செல்லாது. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் கழிக்கப்பட்டனவா என்றும் பாருங்கள். அபராதம் கட்டாததற்கான சிறைக்கு அந்தக் கழிவு கிடையாது.

மனுவில் "தண்டனை அதிகம்" என்று மட்டும் எழுதினால் அது வெறும் இரக்க வேண்டுகோளாகிவிடும். எந்தப் பிரிவு, சட்டம் அனுமதிக்கும் எல்லை எவ்வளவு, விதித்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தண்டனைக் குறைப்பை மாற்றுக் கோரிக்கையாகச் சேர்க்கலாம். ஆனால் போக்சோ போல குறைந்தபட்சத் தண்டனை உள்ள வழக்கில் அதற்குக் கீழே இறக்கச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவை அப்பீலோடு சேர்த்தே போடுங்கள். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று ஆண்டுக்கு மேற்படாத சிறை என்றால், தண்டித்த கோர்ட்டே ஜாமீனில் விடும். ஆனால் அது அப்பீல் தாக்கல் செய்து உத்தரவு வாங்கப் போதுமான காலத்துக்கு மட்டும். அதை முழு ஜாமீன் என்று நம்பி இருந்துவிட்டுப் பிடிவாரண்டில் மாட்டுபவர்கள் உண்டு.

சிறையிலேயே இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மனு கொடுக்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், உங்கள் அப்பீலில் கூட்ட முடியாது. அரசு தனியாக அப்பீல் போட்டால் கூட்டலாம். அந்த அப்பீலிலேயே நீங்கள் விடுதலையோ குறைப்போ கேட்கலாம்.