பழைய ஃப்ரீசரில் புளிக்க வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மதுரையில் ராத்திரி அரைத்து வைத்த மாவு விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பெங்களூரில் ஜனவரி மாதம் அதே மாவு அரைத்தது அரைத்தபடி கிடக்கும். இங்கே இரவில் 15 டிகிரி வரை இறங்குகிறது. ஏப்ரல் மதியம் 34, 35 ஆகிறது. இட்லி மாவு கேட்பதோ 28 முதல் 30. புளிக்க வைத்த தேநீரான கொம்புச்சாவுக்கும் கிட்டத்தட்ட அதே சூடு போதும். அதனால்தான் ஓரங்கட்டிய ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டினேன். வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வெகுநாளாகச் செய்துவரும் வேலை இது. இங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிக்க 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நான் மாவோடும் கொம்புச்சாவோடும் நிறுத்திக்கொண்டேன்.

“ஏம்ப்பா, ஐஸ் பெட்டியில வச்சா மாவு எப்படிப்பா பொங்கும்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஃப்ரீசரில் நமக்கு வேண்டியது அதன் குளிர்ச்சியை விட, சூட்டையும் குளிரையும் உள்ளேயே பிடித்து வைக்கும் அந்தத் தடித்த சுவர். இது பிடிபடாமல்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

எல்லோரும் முதலில் செய்வது, கருவியின் சூடு பார்க்கும் சென்சாரை உள்ளே அந்தரத்தில் தொங்க விடுவது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்காகச் செய்யப்பட்டது. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் உள்ளிருக்கும் காற்று சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். ஐந்து லிட்டர் மாவு அசையவே அசையாது. கருவி காற்றைப் பார்த்து நிறுத்தும், மூடியைத் திறந்தால் மறுபடி ஓட்டும். மாவு என்ன நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. சென்சாரைப் பாத்திரத்தின் பக்கவாட்டில், மாவு மட்டத்துக்குக் கீழே டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் உள்ளங்கை அளவு தெர்மாகோல் துண்டு ஒன்றை வைத்து இன்னொரு சுற்று டேப். அப்போதுதான் அது காற்றை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் படிக்கும். புளிக்கும் பொருள் தானாகவே சூடு விடும் என்பதும் இதில் சேர்த்தி. பீர் வாளிக்குள் ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும்போது திரவம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும்.

இதோடு ஒட்டியது கம்ப்ரஸரை அடிக்கடி நிறுத்தி ஓட்டுவது. நின்ற உடனே திரும்ப ஓட்டினால் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சமமாகியிருக்காது; மோட்டார் திணறும், சூடேறும், ஒரு நாள் போயே போய்விடும். எஸ்டிசி-1000 போன்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் இதற்கென்றே தாமதம் வைக்கும் வசதி உண்டு. 3 நிமிடம்தான் ஆரம்ப அளவு. நான் 10 வைத்திருக்கிறேன். நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிறதே, அப்போதும் இதுதான் காப்பாற்றும். கருவி ஓட்டத் தொடங்கும் சூட்டுக்கும் நிறுத்தும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.3 டிகிரியில் வைத்துத் துல்லியம் பார்க்க வேண்டாம், 1 டிகிரி தாராளம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கருவி வாங்கும்போது 220 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி 12 வோல்ட்டும் கிடைக்கிறது. பின்னால் மெயின் கரண்ட் ஓடும் திருகுகள் திறந்தே இருக்கும், பெட்டிக்குள் அடைத்தே ஆக வேண்டும். வயரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் கட்டாயம்.

சூட்டுக்கு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 வாட் குண்டு பல்பைப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். காலையில் பார்த்தால் பல்பு இருந்த பக்கம் மாவு ஓரமெல்லாம் வெந்து, தோல் மாதிரி உரிந்து வந்தது. மறுபக்கம் பச்சை மாவு. இவ்வளவு காப்புள்ள பெட்டிக்கு 25 முதல் 40 வாட் போதும். வெளிச்சம் தராத சூட்டு மேட் நல்லது, கூடவே காற்றைச் சுழற்ற ஒரு கம்ப்யூட்டர் விசிறி.

வயர் நுழைக்கத் துளை போடுகிறேன் என்று டிரில்லோடு சுவருக்குப் போகாதீர்கள். பெட்டி வகை ஃப்ரீசரில் குளிர்வாயுக் குழாய்கள் சுவருக்குள்ளேயே சுற்றி ஓடுகின்றன. குத்திவிட்டால் ஃப்ரீசர் காலி. உள்ளே இருப்பது ஆர்600ஏ என்றால் அது தீப்பிடிக்கும் வாயு. அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும், வயர் அது வழியே போகும். மெல்லிய சென்சார் வயரென்றால் மூடியின் ரப்பருக்கு அடியிலேயே விடலாம்.

ஈரத்தை யாரும் நினைப்பதில்லை. உறைநிலையில் பனியாக ஒட்டியிருந்தது, 20 டிகிரியில் தண்ணீராக வடிந்து அடியில் தேங்கும். பத்து நாளில் கறுப்புப் பூஞ்சை. வாரம் ஒருமுறை துடைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை மூலையில் வையுங்கள். கொம்புச்சா வைப்பவர்களுக்கு இன்னொன்று: அதன் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். தினமும் மூடியைத் திறந்து விடுங்கள்.

திறக்கும்போது தலையை உள்ளே விட்டுக் குனியாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தால் 250 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். காற்றைவிடக் கனமான வாயு. மேலே திறக்கும் பெட்டியில் கிணற்றடி மாதிரி தங்கிவிடும். இட்லி மாவில் இந்த அளவு வராது, பெரிய வாளி பீர் என்றால் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மூடியின் கொக்கியை முதல் நாளே கழற்றி எறியுங்கள்.

அப்புறம், படுக்கவைத்துக் கொண்டுவந்த ஃப்ரீசரை உடனே பிளக்கில் சொருகாதீர்கள். ஒரு நாள் நிமிர்ந்து நிற்கட்டும், எண்ணெய் கம்ப்ரஸருக்குள் இறங்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கு மாவும் வேண்டாம். ஒரு குடம் தண்ணீரை வைத்து, அதில் சென்சாரை ஒட்டி, இரண்டு நாள் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.