ஸ்கிரிப்ட்டிலிருந்து எடிட்டர் திறக்கிறீர்களா? முதலில் கீபோர்டைக் கொடுங்கள்

காவேரிப்பட்டணத்தில் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். சீசனில் பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று ரகத்துக்கு ஒரு ஃபைல், தினமும் காலையில் விலையைத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து மூடச் சலிப்பாக இருக்கிறது என்றார், சரி என்று கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதிக்கொடுத்தேன்: ரகங்களின் பட்டியல் ஃபைலை வொய்ல் ரீட் லூப்பில் ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த ரகத்தின் ஃபைலை டெர்மினலுக்குள்ளேயே ஓடும் விம் எடிட்டரில் திறக்கும். ஓட்டினால் பெங்களூராவோடு நின்றுவிட்டது. உள்ளீடு டெர்மினலிலிருந்து வரவில்லை என்று விம் ஒரு எச்சரிக்கை வேறு காட்டியது.

காரணம் இதுதான். லூப்பின் ஸ்டாண்டர்டு இன்புட், அதாவது அது உள்ளீட்டைப் படிக்கும் இடம், பட்டியல் ஃபைலாக இருக்கிறது, உள்ளே திறக்கும் எடிட்டருக்கும் அதே இன்புட்தான் போகும். அதனால் மிச்சமுள்ள ரகப் பெயர்களை எல்லாம் நாம் தட்டிய கீ என்று நினைத்து விம் விழுங்கிவிடுகிறது, லூப்புக்குப் படிக்க ஒன்றும் இல்லை. விம்மைக் கூப்பிடும் வரியின் கடைசியில் ஒரு 'லெஸ் தேன்' குறி போட்டு, டெர்மினலைக் குறிக்கும் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் டிடிஒய் என்று சேருங்கள். அவ்வளவுதான், கீபோர்டு எடிட்டர் கைக்கு வந்துவிடும்.

விம் என்று நேரடியாக எழுதாமல் அவரவர் விரும்பும் எடிட்டரின் பெயரை வைத்திருக்கும் டாலர் எடிட்டர் என்ற வேரியபிளைக் கூப்பிடுவது நல்லது, அது காலியாக இருந்தால் நேனோ என்ற எளிய எடிட்டர். மாமாவுக்கு நேனோதான் கைக்கு வந்தது. ஃபைல் பெயருக்கு மறக்காமல் இரட்டை மேற்கோள் போடுங்கள், போடாவிட்டால் பெயரில் இடைவெளி இருக்கும்போது இரண்டு ஃபைலாகத் திறக்கும். வரியின் கடைசியில் பின்னணியில் ஓட்டச் சொல்லும் ஆம்பர்சாண்ட் மட்டும் வேண்டாம், எடிட்டர் முடியும்வரை காத்திருக்காமல் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்விடும்.

தனி விண்டோவில் வேண்டுமென்றால் க்னோம் டெர்மினல், இரண்டு ஹைஃபன், அப்புறம் எடிட்டரும் ஃபைலும். ஆனால் அது விண்டோவைத் திறந்த கையோடு திரும்பிவிடும், நீங்கள் திருத்தி முடிப்பதற்குள் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய் பழைய விலையைப் படித்துவிடும். அந்த இரண்டு ஹைஃபனுக்கு முன்னால் வெயிட் ஆப்ஷனைச் சேருங்கள். எக்ஸ்டெர்ம் என்ற இன்னொரு டெர்மினல் என்றால் ஈ ஆப்ஷன் போதும், விண்டோ மூடும்வரை தானே காத்திருக்கும்.

விம்மில் முக்காற்புள்ளி, சி, க்யூ என்று தட்டினால் சேமிக்காமல் பிழைக் குறியோடு வெளியேறும். ஸ்கிரிப்ட்டில் அந்த எக்ஸிட் ஸ்டேட்டஸைப் பாருங்கள், பூஜ்யம் இல்லையென்றால் அன்றைய விலையைத் தொடாமல் விட்டுவிடலாம்.