வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய மிக்ஸரில் லெவல் வைப்பது எப்படி?

களியக்காவிளையிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறேன். புதிதாக மிக்ஸர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, 'ஃபேடரை எதுவரை ஏற்றணும்?' என்றுதான். ஃபேடர், அதாவது ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கலவையில் ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை, அப்புறம். முதலில் கெயின், அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியை மிக்ஸருக்குள் நுழையும்போதே பெருக்கும் குமிழ்.

மைக்கைச் செருகும் முன் எல்லாக் கெயின் குமிழ்களையும் குறைத்து, ஃபேடர்களை அடிவரை இறக்கிவிடுங்கள். கண்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும்; டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை.

அடுத்து, புலவரின் (முதன்மைப் பாடகரின்) சேனலில், அதாவது மிக்ஸரில் அவர் மைக்குக்கான வரிசையில், பி.எஃப்.எல். பொத்தானை அமுக்குங்கள். ஃபேடர் எங்கே இருந்தாலும் அந்த மைக்கின் அளவு மட்டும் மீட்டரில் தெரியும். அவரைப் பாடச் சொல்லிக் கெயினை மெல்ல ஏற்றுங்கள். 'சும்மா பாடுங்க' என்றால் யாரும் பாதிக் குரலில்தான் பாடுவார்கள். "அண்ணாச்சி, வரத்துப்பாட்டு பாடுற மாதிரியே ரெண்டு வரி பாடுங்க" என்று கேளுங்கள். சாமியை வரவழைக்கும் பாட்டு அது. சாமி வருகிற இடத்தில் குரல் எவ்வளவு ஏறுமோ, அதற்குத்தான் கெயின் வைக்க வேண்டும்.

என் முதல் பதிவில் தொடக்கத்தில் பாடும் காப்புப் பாட்டைக் கேட்டு லெவல் வைத்துவிட்டேன். அது நிதானமாகப் போகும். நள்ளிரவில் வரத்துப்பாட்டு வந்தபோது சிவப்பு விளக்கு அணையவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் புலவர் உச்சத்துக்குப் போன இடமெல்லாம் கரகரவென்று இருந்தது. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டினால் அலையின் முனை வெட்டுப்பட்டுவிடும். பிறகு ஒலியைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது. அந்த இரவை மறுபடி பாடச் சொல்லவா முடியும்?

மிக்ஸர் மீட்டரின் 0 வேறு, பதிவுக் கருவியின் 0 வேறு. மிக்ஸரில் பாட்டு 0-வைச் சுற்றி ஓடலாம். பதிவுக் கருவியிலோ கம்ப்யூட்டரிலோ சராசரி மைனஸ் 18 டெசிபல், உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் நிற்கட்டும். 'ரொம்பக் கம்மியா இருக்கே' என்று தோன்றும். பதிவுக் கருவியின் அமைப்பில் 24 பிட் தரத்தைத் தேர்ந்து பதிந்தால் கவலை வேண்டாம், பின்னால் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். மைனஸ் 40-ல் பதிந்தால்தான் தொல்லை. ஏற்றும்போது இரைச்சலும் கூடவே ஏறும்.

குடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். மட்டை விழும்போது குடத்தின் வாயிலிருந்து காற்று உந்தி வரும். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் 'டப்' என்று மைக்கையே அறையும். பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கெயினை முழுக்கக் குறைத்தும் சிவப்பு எரிந்தால், உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் பேட் பொத்தானைப் போடுங்கள். புலவரின் மைக்கில், அடித்தொனியை வெட்டும் லோ கட் பொத்தானைப் போடலாம். குடத்துக்கு வேண்டாம், அதன் அடித்தொனிதான் அழகே. உடுக்கை, ஜால்ரா, கட்டைக்கும் ஒவ்வொன்றாக இதே மாதிரி கெயின் வையுங்கள்.

இப்போது ஃபேடர்களையும், மொத்த ஒலிக்கான மாஸ்டர் ஃபேடரையும் 0 குறிக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் சேர்ந்து பாட, அடிக்கச் சொல்லுங்கள். எது முன்னே, எது பின்னே என்பதை ஃபேடரில் சரிசெய்யுங்கள். ஒலிகள் ஒன்றுசேர்வதால் மாஸ்டர் மீட்டர் ஏறும். சிவப்பைத் தொட்டால் சேனல் ஃபேடர்களை எல்லாம் ஒரே அளவு இறக்குங்கள்.

கூட்டத்துக்கு மைக் வைத்திருந்தால் அதைக் கொஞ்சம் தாழ்த்தியே வையுங்கள். பெண்கள் குரவையிடும்போது மீட்டர் சட்டென்று துள்ளும்.

எல்லாம் அமைந்ததும் மிக்ஸரை மேலிருந்து ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் யார் கையாவது பட்டுக் குமிழ் திரும்பியிருந்தால், படத்தைப் பார்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.