கண்ணுக்குச் சரி, காதுக்குத் தப்பு: பார்வையற்றோருக்கான மின்னூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ பார்வையற்ற மாணவர் ஒருவர் புத்தகம் கேட்டால், பலரும் பக்கங்களைச் செல்போனில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கோப்பில் எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று திரையிலுள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான்களுக்கு அதில் படிக்க ஒன்றும் இருக்காது. பிடிஎஃப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். சொல் வரவில்லையென்றால் அது படம்.

அச்சகத்திலிருந்து கோப்பாகவே வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. பழைய கோப்புகள் பல பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதற்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை முன்பே குறித்துவைத்து, பிறகு திருத்துங்கள்.

யூனிகோடிலும் கண்ணுக்கு எட்டாத பிழைகள் உண்டு. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, அடுத்து ள என்ற எழுத்து என்று தட்டி ‘கெளரவம்’ ஆக்குவது மிகச் சாதாரணம். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. குரலோ ‘கெ-ள-ரவம்’ என்று வாசிக்கும். ‘ஒளவையார்’, ‘பெளர்ணமி’, ‘மெளனம்’ எல்லாம் இதே ரகம். அதற்காக ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ என்று ஒரே அடியாக மாற்றினால் ‘ஒளி’ கெட்டுப்போகும். ‘தெள’வை மாற்றினால் ‘தெளிவு’ போச்சு, ‘வெள’வை மாற்றினால் ‘வெள்ளி’ போச்சு. பெளர்ணமி, மெளனம், கெளரவம் என்று முழுச் சொல்லாகத் தேடி மாற்றுவதே வழி. இதேபோல ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’ புகுந்திருக்கும். ‘என்ன’ என்பது ‘ஏழு ன்ன’ ஆகிவிடும். ‘௭’, ‘௧’, ‘௨’, ‘௮’ நான்கையும் தனித்தனியே தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

நூலை வருடி (ஸ்கேன் செய்து) எழுத்தாக்குபவர்கள் 300 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கீழே போக வேண்டாம். குறைந்தால் ‘ர’வும் துணைக்காலும் மாறிமாறி விழும். பக்கத் தலைப்பு, பக்க எண் எல்லாம் வாக்கியத்தின் நடுவே வந்து செருகிக்கொள்ளும். தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை உடைப்பதால் ‘போய்க்கொண்டி’ ஒரு வரியிலும் ‘ருந்தான்’ அடுத்த வரியிலும் கிடக்கும். வரிக்கு வரி ‘என்டர்’ இருந்தால் குரல் அங்கங்கே நின்று மூச்சு வாங்கும். பத்தி முடிவில் மட்டும் ‘என்டர்’ இருக்கட்டும்.

அடுத்தது தலைப்பு. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் பார்ப்பவருக்குத்தான் அது தலைப்பு. வேர்டில் அத்தியாயத்துக்கு ‘ஹெடிங் 1’, உள்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’ என்று பாணி கொடுத்தால்தான், என்விடிஏவின் உலாவு முறையில் ஹெச் விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவ முடியும். அழகுக்காக ‘மு ன் னு ரை’ என்று இடைவெளி விட்டால் எழுத்தெழுத்தாகத்தான் காதில் விழும். அச்சுப் பக்க எண்ணையும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் ‘84-ஆம் பக்கம் எடு’ என்று சொல்லும்போது மாணவர் அங்கே போயாக வேண்டும். மின்னூல் வடிவமான ஈபப் 3, பார்வையற்றோருக்கான நூல் வடிவமான டெய்சி இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது. வேர்டு கோப்பை ஈபப் ஆக்க, டெய்சி கூட்டமைப்பின் ‘வேர்ட்டூஈபப்’ கருவி இலவசம். ஆக்கிய பிறகு, ஈபப்பின் அணுகல் வசதியைச் சோதிக்கும் ‘ஏஸ்’ கருவியில் ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஔகாரப் பிழையை அது பிடிக்காது, காதுதான் பிடிக்க வேண்டும். கோப்பின் மொழி ‘தமிழ்’ என்று குறிக்கப்படாவிட்டால் ஆங்கிலக் குரலே தொடர்ந்து, தமிழ் வரிகளைத் தாண்டிப் போய்விடக்கூடும்.

படத்துக்கு ‘படம் 3’ என்று மட்டும் விளக்கம் எழுதுவது எழுதாததற்குச் சமம். மலை ரயில் வரைபடம் என்றால், ‘மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர், உதகை என்ற வரிசையில் பாதை ஏறுகிறது, கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை’ என்று எழுதினால் படம் சொல்ல வந்தது போய்ச் சேரும்.

ஒலிநூல் செய்பவர்கள் ஏழு மணி நேரத்தை ஒரே எம்பி3 ஆக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் நான்காம் அத்தியாயத்தைத் தேடுவது தண்டனை. டெய்சி வடிவில் தலைப்புகள் ஆறு நிலை வரை பிரியும். அதற்கு மனமில்லையென்றால் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாவது செய்து 01, 02 என்று பெயரிடுங்கள். மோனோவில் 64 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 29 எம்பி ஆகும். அதைவிடப் பெரிதாக்கினால் கூடலூர், பந்தலூர் உள்கிராமங்களில் சிக்னல் மெலிந்த இடத்தில் இறக்கிமுடிக்கப் பொறுமை வேண்டும். ஜூன், ஜூலையில் தகரக் கூரையின் கீழ் பதிவுக்கு உட்காராதீர்கள், மழைச் சத்தத்தைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. எழுத்துநூல் கொடுப்பவர்களும் ஒன்று பார்க்க வேண்டும்: படிப்பவரின் போனில் தமிழ்க் குரல் தரவு முன்பே இறக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் இணையம் போனதும் குரலும் போகலாம்.

பிரெயில் கோப்பை வரிக்கு 40 கட்டம் (ஒரு புள்ளித் தொகுப்புக்கான இடம் ஒரு கட்டம்) என்று அமைப்பது வழக்கம். படிப்பவர் கையில் 20 கட்ட மின்னணு பிரெயில் கருவி இருந்தால் வரிகள் பாதியில் உடையும். முதலில் கருவியைக் கேளுங்கள். காகிதப் பிரெயில் என்றால் மலையின் ஈரத்தில் தாள் நமத்து, புள்ளிகள் அமுங்கும். புத்தகங்களைப் படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வையுங்கள்.

வேலையில் இறங்குமுன், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கான ‘சுகம்யா புஸ்தகாலயா’ இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஒரே நூலை இரண்டு பேர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டம், லாப நோக்கில்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படிப் படியெடுப்பதை அனுமதிக்கிறது. அந்த அனுமதி அவர்களுக்கு மட்டும்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் போட்டுவிட்டால் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது.