வாசற்படியை அளந்து எழுதுங்கள்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அணுகல் வசதிகளைப் பதியும் முறை

ஓர் இடத்துக்குச் சக்கர நாற்காலியில் போய்வர முடியுமா என்பதைப் பதிய, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘வீல்சேர்’ என்ற குறிச்சொல் உள்ளது. ‘யெஸ்’, ‘லிமிடெட்’, ‘நோ’ என்பவை அதன் முக்கியமான மதிப்புகள். 2010இல் பெர்லினில் தொடங்கப்பட்ட, சக்கர நாற்காலி வசதியைக் காட்டும் இணைய வரைபடமான வீல்மேப் இவற்றையே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காட்டுகிறது.

வாசலில் படியே இல்லாமல், உள்ளே எல்லா அறைகளுக்கும் படியின்றிப் போக முடிந்தால் மட்டுமே ‘யெஸ்’ என்று பதிய வேண்டும். வாசலில் 7 செ.மீ. உயரத்துக்கு மிகாத ஒரு படிக்கு மேல் இல்லாமல், முக்கியமான அறைகளுக்குப் படியின்றிப் போக முடிந்தால் ‘லிமிடெட்’. மற்றவை ‘நோ’. ஒரு படிதானே என்று இரக்கப்பட்டு ‘லிமிடெட்’ போடுவது, நம்பி வருபவரைத் தெருவிலேயே நிறுத்திவிடும். ஆகவே அளவுநாடா இல்லாமல் இந்த வேலைக்குக் கிளம்ப வேண்டாம்.

சாய்தளம் இருப்பதும் அதில் ஏற முடிவதும் வெவ்வேறு. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் சரிவு. அதன்படி 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அதே உயரத்துக்கு 2 மீட்டர் இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்திருக்கும் கடையை நான் ‘யெஸ்’ என்று பதிய மாட்டேன். ‘இன்க்லைன்’ குறிச்சொல்லில் சரிவின் விழுக்காட்டையும், ‘விட்த்’ குறிச்சொல்லில் அகலத்தையும் எழுதிவிட்டால், ஏற முடியுமா என்பதை வருபவரே முடிவு செய்துகொள்வார்.

என் தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு மருத்துவமனைக்குத் தள்ளிச் சென்றேன். வரைபடம் ‘யெஸ்’ என்றது. முன்வாசலிலோ நான்கு படிகள். சாய்தளம் பின்பக்கம் இருந்தது, அந்தக் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. காவலர் சாவி தேடி வரும்வரை வெயிலில் நின்றோம். இதைத் தவிர்க்க, கட்டடத்தின் எல்லைக்கோட்டில் ஒவ்வொரு வாசலையும் ‘என்ட்ரன்ஸ்’ என்று தனிப்புள்ளியாக வைத்து, அதனதன் நிலையை அதனதன் மேலேயே பதியுங்கள். பூட்டு, சாவி, அழைப்புமணி பற்றி ‘வீல்சேர் டிஸ்கிரிப்ஷன்’ பகுதியில் ஓரிரு வாக்கியங்கள் எழுதுங்கள். கழிப்பறைக்குத் தனிக் குறிச்சொல் உண்டு. கதவின் அகலத்தையும் உள்ளே நாற்காலி திரும்ப இடமிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே பதியுங்கள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் நடைபாதை விளிம்பை முற்றிலும் சமப்படுத்தினால் சக்கரம் எளிதாக இறங்கும்; ஆனால் கோல் ஊன்றி நடக்கும் பார்வையற்றவருக்கு நடைபாதை எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். அதனால் விளிம்பின் நிலையைக் குறிக்கும் ‘கெர்ப்’ குறிச்சொல்லின் மதிப்போடு, பார்வையற்றவருக்கு வழிகாட்டும் மேடுவரி ஓடுகள் உள்ளனவா என்பதை ‘டாக்டைல் பேவிங்’ குறிச்சொல்லிலும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த ஓடுகள் நேராக மின்கம்பத்தில் போய் முட்டினால் ‘இன்கரெக்ட்’ என்று பதியலாம்.

நேரில் பாராத இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். வீல்மேப்பில் அது சாம்பல் நிறத்தில் தெரியும். பார்ப்பவர் கிளம்பும் முன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வார்.